ஐந்து நாள் மாத்திரை: லெட்ரோசோலும் க்ளோமிஃபீனும் ஒரு மதிப்பீடு

முட்டை வளரவும் வெடிக்கவும் வாய்வழியாகக் கொடுக்கப்படும் மருந்துகளில் இன்று பேசத் தகுந்தவை இரண்டு. முதலாவது க்ளோமிஃபீன் சிட்ரேட். 1967-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வேலைக்கென்றே விற்கப்படும் மூத்த மருந்து. இரண்டாவது லெட்ரோசோல். மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்து இது. 2001-இல் மிட்வாலி, காஸ்பர் என்ற இரு மருத்துவர்களின் ஆய்வு வெளியான பிறகு கருத்தரிப்பு சிகிச்சைக்குள் நுழைந்தது. மெட்ஃபார்மின், டமாக்ஸிஃபென், கேபர்கோலின் போன்றவையும் சீட்டில் எழுதப்படுவதுண்டு. அவை துணைக்கு வருபவை. அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிசிஓஎஸ் (சினைப்பையில் முட்டைப்பைகள் முதிராமல் தேங்கும் ஹார்மோன் கோளாறு) காரணமாக முட்டை வெளிவராத பெண்ணுக்கு லெட்ரோசோல்தான் முதல் தேர்வு. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் கரு நிற்கவில்லை என்ற நிலையில் அந்த முன்னுரிமை லெட்ரோசோலுக்குக் கிடையாது. அங்கே க்ளோமிஃபீன் சளைத்ததல்ல. இரண்டு கருக்குழாயும் அடைபட்டிருந்தாலோ, கணவரின் விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலோ இந்த இரண்டில் எதை விழுங்கினாலும் பயன் இல்லை. சிகிச்சையில் வீணாகும் மாதங்களில் பெரும்பகுதி இந்தக் கடைசி வகையில்தான் வீணாகிறது. மாத்திரையின் பேரில் பழி விழுகிறது. தவறு மாத்திரைக்கு முன்பே நடந்துவிடுகிறது.

இரண்டும் செய்வது ஒரே வேலை, வழிதான் வேறு. மூளை ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனைக் கூட்டிச் சுரக்கச் செய்யும். சினைப்பையில் முட்டைப்பை வளரத் தொடங்கும். க்ளோமிஃபீன் மூளையில் ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் இருந்தும் மூளைக்குத் தெரிவதில்லை. லெட்ரோசோல் யாரையும் ஏமாற்றுவதில்லை. ஈஸ்ட்ரோஜன் தயாராவதற்குத் தேவையான அரோமடேஸ் நொதியையே நிறுத்திவைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உண்மையாகவே குறைகிறது, மூளையும் எஃப்எஸ்ஹெச்சைக் கூட்டுகிறது.

வித்தியாசம் மாத்திரை நிறுத்திய பிறகுதான் தெரியும். லெட்ரோசோலின் பாதி ஏறத்தாழ 2 நாளில் உடலைவிட்டுப் போய்விடும். முட்டைப்பை பெரிதாகும் சமயத்தில் மருந்து கிட்டத்தட்ட இல்லை. வளரும் முட்டைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, மூளை அதைப் பார்த்து எஃப்எஸ்ஹெச்சைக் குறைக்கிறது, பின்தங்கிய முட்டைப்பைகள் தீனி இல்லாமல் சுருங்குகின்றன. பெரும்பாலும் ஒன்றே ஒன்று முதிர்கிறது. க்ளோமிஃபீனில் இந்தக் கதவு சீக்கிரம் மூடாது. அந்த மாத்திரை ஒரே பொருள் அல்ல, இரண்டின் கலவை: சுமார் 62 சதவீதம் என்க்ளோமிஃபீன், 38 சதவீதம் ஸூக்ளோமிஃபீன். இரண்டாவது வாரக்கணக்கில் உடலில் தங்கும். க்ளோமிஃபீன் மூளையில் மட்டுமல்லாமல் கர்ப்பப்பை உட்சவ்விலும் கர்ப்பப்பை வாயிலும் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்துக்கொண்டிருக்கும். முட்டை அழகாக வளர்ந்து நிற்க, உட்சவ்வு மட்டும் 5 மில்லிமீட்டரில் மெலிந்து கிடப்பது க்ளோமிஃபீனின் கையெழுத்து. கோழிமுட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுவென்று வரவேண்டிய கர்ப்பப்பை வாய்ச் சளியும் சிலருக்கு வறண்டுவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட முட்டை முதிர்ந்து இரட்டைக் கரு நிற்பதும் இதில் கூடுதல்.

எண்களையும் பார்த்துவிடலாம். 2014-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களுக்கு ஐந்து மாதவிலக்குச் சுற்று வரை ஏதாவது ஒரு மருந்து கொடுக்கப்பட்டது. குழந்தை பிறந்தது லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கு, க்ளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கு. முட்டை வெளிவந்த சுற்றுகள் முறையே 61.7 சதவீதம், 48.3 சதவீதம். உடல் எடை கூடியவர்களிடம்தான் இந்த இடைவெளி பெரிதாகத் தெரிந்தது. ஒல்லியானவர்களிடம் இரண்டும் ஏறக்குறைய சமம். 2018-இல் வந்த பன்னாட்டு பிசிஓஎஸ் வழிகாட்டுதலும் 2023-இல் வந்த அதன் புதிய பதிப்பும் லெட்ரோசோலையே முதலில் வைக்கின்றன.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் லெட்ரோசோல் என்று சொல்வதுதான் தவறு. 2015-இல், காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள 900 தம்பதிகளிடம் ஐயுஐயுடன் (விந்தணுவை நேரடியாகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் முறை) சேர்த்து மருந்துகளை ஒப்பிட்டார்கள். குழந்தை பிறந்தது முட்டைப்பையை வளர்க்கும் ஹார்மோன் ஊசி மருந்தில் 32.2 சதவீதம், க்ளோமிஃபீனில் 23.3 சதவீதம், லெட்ரோசோலில் 18.7 சதவீதம். ஊசியில் நின்ற கர்ப்பங்களில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை இரட்டை அல்லது அதற்கு மேல் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முட்டை தானாகவே ஒழுங்காக வரும் பெண்ணிடம் மருந்தின் வேலை வேறு. ஏற்கனவே வரும் ஒன்றுடன் இன்னொன்றைச் சேர்த்து வாய்ப்பைக் கூட்டுவதே அங்கே நோக்கம். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் லெட்ரோசோலின் நல்ல குணம் அங்கே உதவாமல் போகிறது. ஐயுஐ இல்லாமல் வெறும் க்ளோமிஃபீனை மட்டும் இவர்களுக்குக் கொடுப்பதும் பெரிய பலன் தருவதில்லை.

முதல் மாத்திரைக்கு முன்

அட்டையை வாங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய தாள்கள் சில உண்டு. கணவரின் விந்துப் பரிசோதனை முதலில். அது ஒரு நாள் வேலை, வலியில்லாதது. ஆனாலும் மனைவி நான்கு சுற்று மாத்திரை முடித்த பிறகுதான் பல குடும்பங்களில் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பதிப்புப்படி கீழ் எல்லை, மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு, மொத்த அசைவு 42 சதவீதம். அதற்குக் கீழே போனால் மாத்திரையைப் பற்றிப் பேசும் முன் அதைப் பேச வேண்டும். தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச், பால் சுரப்பு ஹார்மோனான ப்ரோலாக்டின் இரண்டும் அடுத்தது. தைராய்டு குறைவாலும் ப்ரோலாக்டின் மிகுதியாலும் முட்டை நின்றிருந்தால் அதைச் சரிசெய்தாலே முட்டை திரும்பும். மேலே சொன்ன இரண்டு மருந்தும் தேவைப்படாமலே போகலாம். கருக்குழாய்ப் பரிசோதனையை, முன்பு வயிற்று அறுவையோ இடுப்புப் பகுதித் தொற்றோ எண்டோமெட்ரியோசிஸோ (கர்ப்பப்பை உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருந்தவர்கள் தொடக்கத்திலேயே செய்துகொள்வது நல்லது. மற்றவர்கள் மூன்று நல்ல சுற்றுகள் வரை தள்ளிப்போடலாம், அதற்கு மேல் கூடாது.

மாதவிலக்கு வராததற்கான காரணமும் தெரிந்திருக்க வேண்டும். கடும் எடைக் குறைவாலோ மிதமிஞ்சிய உடற்பயிற்சியாலோ மூளையே சமிக்ஞை அனுப்பாமல் இருந்தால், எஃப்எஸ்ஹெச், முட்டையை வெடிக்கச் செய்யும் எல்ஹெச், ஈஸ்ட்ரோஜன் மூன்றும் குறைந்திருக்கும். அங்கே மாத்திரை பெரும்பாலும் வேலை செய்யாது. மூளைக்குப் போய்க் கதவைத் தட்டும் மருந்து இது. உள்ளே ஆள் இல்லையென்றால் யார் திறப்பது? முட்டை இருப்பு தீர்ந்து எஃப்எஸ்ஹெச் ஏற்கனவே உயர்ந்திருக்கும் பெண்ணிடமும் அப்படித்தான், தட்டாமலே கதவு திறந்துதான் இருக்கிறது, வீட்டில்தான் ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், முட்டைப்பைகள் நிறைய இருந்தும் எதுவும் முதிராமல் தேங்கி நிற்கும் பிசிஓஎஸ் நிலைதான் இந்த மருந்துகளின் களம்.

ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், கரு நிற்பதற்கு முன்பிருந்தே. ருபெல்லா எதிர்ப்பு இல்லாதவர் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் பொறுத்துத் தொடங்க வேண்டும். எடை கூடியவர்களுக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சிலருக்கு முட்டை தானாக வரத் தொடங்கிவிடும். அப்படி வராவிட்டாலும் மருந்து குறைந்த அளவிலேயே வேலை செய்யும். ஆனால் முப்பத்தைந்தைத் தாண்டியவரிடம் இருபது கிலோ குறைத்துவிட்டு வா என்று ஒன்றரை வருடம் ஓட்டுவது நியாயமில்லை. வயது, எடையைவிடக் கறாரான கணக்குக்காரன்.

எடுக்கும் முறை

லெட்ரோசோல் ஒரு மாத்திரை 2.5 மி.கி. தினம் ஒன்று, ஐந்து நாள். க்ளோமிஃபீன் ஒரு மாத்திரை 50 மி.கி. அதுவும் தினம் ஒன்று, ஐந்து நாள். மாதவிலக்கின் 2-ஆம் நாளிலிருந்து 5-ஆம் நாளுக்குள் எப்போது தொடங்கினாலும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே ஒருவருக்கு 2-6, இன்னொருவருக்கு 3-7, மற்றொருவருக்கு 5-9 என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தொடங்கிய பின் ஐந்து நாளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போட வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது முக்கியமில்லை. உடம்பு திகுதிகுவென்று சூடாவது க்ளோமிஃபீனில் பத்தில் ஒருவருக்கு வரும்; இரவில் போட்டால் பாதித் தொல்லை தூக்கத்தில் போய்விடும். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் சேர்த்து இரண்டு போடக் கூடாது.

நாள் எண்ணுவதில்தான் முதல் கோளாறு வரும். பழுப்பாகவோ பொட்டுப் பொட்டாகவோ படுவது முதல் நாள் அல்ல. நாப்கின் வைக்கும் அளவுக்குச் சிவப்பாகப் போக்கு தொடங்குவதுதான் முதல் நாள். ஒரு நாள் முன்பின் ஆனால் குற்றமில்லை; நான்கு நாள் ஸ்பாட்டிங்கையும் சேர்த்து எண்ணினால் மாத்திரை, ஸ்கேன், எல்லாத் தேதியும் நான்கு நாள் முன்னதாகிவிடும்.

மாதவிலக்கே வராதவர்களுக்கு மெட்ராக்ஸிப்ரோஜெஸ்டிரோன் 10 மி.கி. ஐந்து முதல் பத்து நாள் கொடுத்து வரவழைத்துத் தொடங்குவது வழக்கம். அது நிறுத்திய ஒரு வாரம், பத்து நாளில் போக்கு வரும். ஒவ்வொரு முறையும் இப்படி வரவழைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கர்ப்பம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்து, ஸ்கேனில் உட்சவ்வு மெல்லியதாகவும் பெரிய முட்டைப்பை எதுவும் இல்லாமலும் இருந்தால் நேரடியாகத் தொடங்கலாம். எந்த வழியானாலும் தொடங்குமுன் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். கர்ப்பத்தில் இந்த இரண்டு மருந்துக்கும் இடமில்லை.

2-ஆம் அல்லது 3-ஆம் நாள் ஸ்கேன் பார்ப்பது, போன மாதத்து நீர்க்கட்டி எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று அறிய. சினைப்பையில் பெரிய கட்டி நின்றுகொண்டிருக்கும்போது அதன்மேல் மருந்து போடுவது வேண்டாத வேலை; ஒரு மாதம் விட்டால் பெரும்பாலும் தானே கரையும். பிசிஓஎஸ்ஸில் தெரியும் சிறு சிறு பைகள் இந்தக் கணக்கில் வராது. அவை கட்டிகளே அல்ல, வளராமல் நின்ற முட்டைப்பைகள்.

ஃபாலிக்குலர் ஸ்டடி சீட்டைப் படிப்பது

ஃபாலிக்குலர் ஸ்டடி என்பது முட்டைப்பை வளர்வதைத் தொடர் ஸ்கேன்களில் அளப்பது. இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும். மாத்திரை ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. அது வேலை செய்ததா என்பதைச் சொல்வது இந்தச் சீட்டுதான். ஒரு நல்ல சுற்றின் சீட்டு இப்படி இருக்கும். 10-ஆம் நாள்: வலப்பக்கம் 11 மில்லிமீட்டர், இடப்பக்கம் எல்லாம் சிறியவை, உட்சவ்வு 5.5. 12-ஆம் நாள்: வலம் 14, உட்சவ்வு 7. 14-ஆம் நாள்: வலம் 18, உட்சவ்வு 8.5, அதில் மூன்று கோடு தெரிகிறது (உட்சவ்வு நன்றாக வளர்ந்ததன் அடையாளம்). 16-ஆம் நாள்: வலப்பக்கப் பை சுருங்கிவிட்டது, கர்ப்பப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர். அவ்வளவுதான், முட்டை வெடித்துவிட்டது.

முட்டைப்பை நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வளரும். இதை வைத்தே அடுத்த ஸ்கேன் எந்த நாள் என்று கணக்கிடலாம். 12 மில்லிமீட்டரில் இருப்பவர் தினமும் வந்து உட்கார வேண்டியதில்லை. லெட்ரோசோலில் 18 முதல் 20 வந்தால் முட்டை தயார் என்று கொள்ளலாம். க்ளோமிஃபீனில் சற்றுப் பெரிதாக, 20 முதல் 24 வரை போய் வெடிப்பது வழக்கம். லெட்ரோசோலில் 24-ஐ எதிர்பார்த்துக் காத்திருப்பதும், க்ளோமிஃபீனில் 17-இலேயே முட்டை வெடிக்கும் ஊசி போட்டுவிடுவதும் ஒரு மாதத்தை இழப்பதற்கு நல்ல வழிகள். உட்சவ்வு 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் திருப்தி. இரண்டு சுற்றிலும் அதற்குக் கீழேயே நின்றால் க்ளோமிஃபீன் அளவைக் கூட்டாதீர்கள், அது இன்னும் மெலியவே செய்யும். லெட்ரோசோலுக்கு மாறுவதுதான் நேரான வழி.

அளவு குறிப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. 15 மில்லிமீட்டரைத் தொட்ட பைகள் மூன்றுக்கு மேல் இருந்தால் அந்த மாதம் தாம்பத்தியத்தைத் தவிர்க்கவோ ஆணுறை பயன்படுத்தவோ சொல்வார்கள். ஆசையாகக் காத்திருந்தவர்களுக்கு இது இடி மாதிரி இருக்கும். மூன்று கரு, நான்கு கரு என்றால் குறைப்பிரசவம், தாயின் ரத்த அழுத்தம், குழந்தைகளின் உயிர் என்று வரிசையாக ஆபத்து. ஒரு மாதத்தை விடுவதே மலிவு.

முட்டை வெடிக்கும் ஊசி என்று வழக்கில் சொல்லப்படுவது ஹெச்சிஜி, 5,000 அல்லது 10,000 யூனிட். போட்டு ஏறக்குறைய 36 முதல் 40 மணி நேரத்தில் வெடிக்கும். ஐயுஐக்கு நேரம் குறிக்க இது தேவை. வீட்டில் இயற்கையாக முயல்பவர்களுக்கு இது கட்டாயமில்லை, மூளையே எல்ஹெச் அலையை அனுப்பிவிடும். எல்லோருக்கும் எல்லாச் சுற்றிலும் ஊசி என்பது பழக்கமாகிவிட்ட ஒரு கூடுதல்.

ஸ்கேனுக்குப் பதிலாகச் சிறுநீரில் எல்ஹெச் பட்டை பார்ப்பவர்கள் மாத்திரை முடிந்து மூன்று நாளாவது பொறுத்துத் தொடங்க வேண்டும். க்ளோமிஃபீனே எல்ஹெச்சைக் கூட்டுவதால் அதற்கு முன் பார்த்தால் பொய்யாக இரண்டு கோடு காட்டும். பிசிஓஎஸ்ஸில் எல்ஹெச் எப்போதுமே கொஞ்சம் தூக்கலாக இருப்பவர்களுக்குப் பட்டை நாள்தோறும் மங்கலாக இரண்டு கோடு காட்டிக்கொண்டே இருக்கும்; அவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம்.

பட்டையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம் என்றால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கடைசி மாத்திரைக்குப் பிறகு 5 முதல் 10 நாளுக்குள் முட்டை வெளிவருவதே பெரும்பான்மை. கடைசி மாத்திரை போட்ட நாலைந்து நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று ஒன்றரை வாரம் சேர்ந்திருந்தால் எந்த நாள் வெடித்தாலும் தவறாது. "இன்று இரவு கட்டாயம்" என்று தேதி குறித்துக் கொடுப்பது சில ஆண்களுக்கு அன்றைக்கே முடியாமல் போகும் அழுத்தத்தைத் தருகிறது என்பதையும் மருத்துவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

முட்டை வந்ததா என்று உறுதிசெய்ய ரத்தத்தில் ப்ரோஜெஸ்டிரோன் பார்க்கலாம். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் வந்திருக்கிறது. இதை எல்லோருக்கும் 21-ஆம் நாள் என்று எழுதிவிடுவது பரவலான பிழை. வெடித்து ஏழாம் நாள் பார்க்க வேண்டும்; 20-ஆம் நாள் வெடித்தவருக்கு 27-ஆம் நாள். 21-இல் பார்த்துவிட்டு முட்டை வரவில்லை என்று முடிவுகட்டி அடுத்த மாதம் அளவைக் கூட்டினால், சரியாக வேலை செய்த அளவைக் கைவிட்டதாகும்.

அளவு கூட்டுதல், கைவிடுதல்

முட்டை வந்துவிட்டது, கரு நிற்கவில்லை என்றால் அளவைக் கூட்டக் கூடாது. அதே அளவே தொடரும். முட்டையே வரவில்லை என்றால்தான் கூட்டுவது: லெட்ரோசோல் 2.5 போய் 5, அப்புறம் 7.5 மி.கி. க்ளோமிஃபீன் 50 போய் 100. சிலர் 150 வரை போவதுண்டு; உற்பத்தியாளரின் கையேடு 100-லேயே நிறுத்தச் சொல்கிறது. முட்டை வந்தும் கரு நிற்காததைக் கண்டு "மாத்திரை பத்தவில்லை" என்று கூட்டிக்கொண்டே போவது இரட்டைக் கருவுக்கும் மெலிந்த உட்சவ்வுக்கும்தான் வழி.

ஒரு அளவு வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் அடுத்த மாதவிலக்கு வரை காத்திருக்கத் தேவையில்லை. படிப்படியாக ஏற்றும் முறை ஒன்று உண்டு. க்ளோமிஃபீன் 50 ஐந்து நாள் கொடுத்து, 11 முதல் 14-ஆம் நாளுக்குள் ஸ்கேன் பார்த்து, 10 மில்லிமீட்டரைத் தாண்டிய பை எதுவும் இல்லையென்றால் அன்றே 100 தொடங்கி ஐந்து நாள். ஒரு வாரத்தில் மறுபடி ஸ்கேன். மாதவிலக்கை வரவழைக்க ஆகும் இரண்டு மூன்று வாரம் ஒவ்வொரு படியிலும் மிச்சம். லெட்ரோசோலையும் இப்படி ஏற்றுகிறார்கள். நான்கு மாத வேலை ஒன்றரை மாதத்தில் முடியும் இந்த முறை இன்னும் பரவலாகாதது வருத்தமே.

இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. உச்ச அளவிலும் முட்டை வராவிட்டால் அது மருந்துக்கு மசியாமை. முட்டை வந்தும் ஆறு சுற்றில் கரு நிற்காவிட்டால் அது வேறு. அங்கே மருந்து தன் வேலையை முடித்துவிட்டது, தடை வேறெங்கோ இருக்கிறது. முதல் வகையினர் க்ளோமிஃபீனிலிருந்து லெட்ரோசோலுக்கு மாறலாம், இரண்டும் மசியாவிட்டால் குறைந்த அளவு ஊசி மருந்து அல்லது லேப்ராஸ்கோபி வழியாகச் சினைப்பையில் துளையிடுதல். இரண்டாம் வகையினர் மறுபடி முதலிலிருந்து மாத்திரை தொடங்காமல் கருக்குழாய், விந்து இரண்டையும் திரும்பப் பார்த்து ஐயுஐ அல்லது ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) பக்கம் போக வேண்டும்.

க்ளோமிஃபீன் சுமார் ஆறு சுற்றுக்கு மேல் வேண்டாம் என்பது கையேட்டின் வரி. 1994-இல் வெளியான ஒரு ஆய்வு, பன்னிரண்டு சுற்றோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடம் சினைப்பைப் புற்றுக்கட்டி அபாயம் கூடுவதாகச் சொன்னது. பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் ஆறில் நிறுத்துவதற்குப் பயத்தைவிட நல்ல காரணம் இருக்கிறது: இந்த மருந்தில் நிற்கும் கர்ப்பங்களில் பெரும்பாலானவை முதல் சில சுற்றுகளிலேயே நின்றுவிடுகின்றன. பழைய சீட்டைக் காட்டித் தாங்களாகவே வாங்கி எட்டு, பத்து மாதம் ஸ்கேன் இல்லாமல் விழுங்குபவர்கள் இழப்பது காலத்தை.

பக்கவிளைவுகளும் அந்தப் பயமுறுத்தும் தாளும்

க்ளோமிஃபீனில் உடல் சூடு, மனம் சட்டென்று மாறுவது, வயிறு உப்புசம், மார்பு வலி. கண் முன் மங்கல், மின்னல் மாதிரி ஒளி, பார்த்த உருவம் அகலாமல் நிற்பது போன்றவை நூறில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். இதை மட்டும் பொறுத்துப் பார்க்கக் கூடாது. அன்றே நிறுத்தி, கண் மருத்துவரைப் பார்த்து, இனி அந்த மருந்துக்கே போகாமல் இருக்க வேண்டும். அதுவரை வண்டி ஓட்டவும் வேண்டாம். லெட்ரோசோலில் அசதியும் தலைசுற்றலும் கூடுதல், சூடு குறைவு. 2014 ஆய்வில் இரட்டைக் கரு க்ளோமிஃபீனில் 7.4 சதவீதம், லெட்ரோசோலில் 3.4 சதவீதம். சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஓஹெச்எஸ்எஸ் மாத்திரையில் அபூர்வம். ஆனால் வயிறு இறுக உப்பி, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது.

லெட்ரோசோல் பெட்டியைத் திறந்து உள்ளே மடித்திருக்கும் தாளைப் பிரித்தால் "மாதவிடாய் நின்ற பெண்களுக்கான மார்பகப் புற்றுநோய் மருந்து" என்றிருக்கும். கர்ப்பத்தில் கூடாது என்றும் இருக்கும். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண் இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டால் அவளைக் குறைசொல்ல முடியாது. சீட்டு எழுதியவர் இரண்டு வாக்கியம் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியது இது. தாளில் இல்லாத உபயோகத்துக்கு ஒரு மருந்தை ஆய்வின் அடிப்படையில் பயன்படுத்துவது மருத்துவத்தில் வழக்கமே. 2005-இல் ஒரு மாநாட்டுச் சுருக்கம் பிறவிக் குறைபாடு பற்றிப் பயத்தைக் கிளப்பியது உண்மை. அடுத்த ஆண்டே 911 குழந்தைகளைப் பார்த்த ஆய்வில் குறைபாடு லெட்ரோசோலில் 2.4 சதவீதம், க்ளோமிஃபீனில் 4.8 சதவீதம், பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. காரணமும் எளிது, 7-ஆம் நாளில் முடிந்த மருந்து கரு ஒட்டும் 20, 21-ஆம் நாளுக்குள் உடலைவிட்டு ஏறக்குறைய வெளியேறிவிடுகிறது. கர்ப்பம் இருப்பது தெரியாமல் தொடங்குவதுதான் ஆபத்து. முன்பு சொன்ன கர்ப்பப் பரிசோதனை அதற்காகத்தான்.

துணை மருந்துகளுக்கு வருவோம். மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்து முட்டை வரவழைக்க நினைப்பது வீண் காத்திருப்பு. 2007-இல் 626 பெண்களிடம் நடந்த ஆய்வில் குழந்தை பிறந்தது மெட்ஃபார்மினில் 7.2, க்ளோமிஃபீனில் 22.5, இரண்டும் சேர்த்து 26.8 சதவீதம். சர்க்கரை எல்லையில் இருப்பவருக்குச் சேர்த்துக் கொடுக்கலாம். சாப்பாட்டுடன் 500 மி.கி.யில் தொடங்கி வாரம் ஒருபடியாக ஏற்றினால் வயிற்றுப்போக்கு தாங்கும்படி இருக்கும். டமாக்ஸிஃபென் 20 முதல் 40 மி.கி. ஐந்து நாள், க்ளோமிஃபீன் ஒத்துக்கொள்ளாதவருக்கான பழைய மாற்று. லெட்ரோசோல் கிடைக்கும் இடத்தில் தேவை குறைவு. கேபர்கோலின் ப்ரோலாக்டின் கூடியவருக்கு மட்டும்.

ஊசி போட்ட சுற்றில் வீட்டுக் கர்ப்பப் பரிசோதனையை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். ஊசியில் இருப்பதும் பரிசோதனைப் பட்டை தேடுவதும் ஒரே ஹெச்சிஜிதான். பத்து நாள் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும், கர்ப்பம் இல்லாமலே இரண்டு கோடு காட்டும். ஊசி போட்டுப் பதினான்கு நாள் கழித்துப் பாருங்கள். கோடு ஒன்றுதான், ஆனால் மாதவிலக்கும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்து, அதுவும் இல்லையென்று வந்த பிறகே அடுத்த அட்டையைப் பிரிக்க வேண்டும்.